மண்ணுக்கும் வில்லங்கம் உண்டு!

வீட்டு மனை வாங்கப் போகிறீர்கள். முதலில் என்ன செய்வீர்கள்?

தாய்ப் பத்திரத்தைக் கேட்பீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டி, வில்லங்கச் சான்று வாங்குவீர்கள். கடன் உண்டா, அடமானம் உண்டா, பங்காளி தகராறு உண்டா என்று விசாரிப்பீர்கள். வக்கீல் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் முன்பணம் கொடுப்பீர்கள்.

எல்லாம் நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பது இல்லை.

"இந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது?"

நிலம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போயிற்று என்று வில்லங்கச் சான்று சொல்லும். அந்த நிலத்தில் என்ன கொட்டினார்கள், எதைப் புதைத்தார்கள் என்று அது சொல்லாது. பத்திரம் சுத்தமாக இருக்கும். மண் சுத்தமாக இருக்குமா? அது வேறு கேள்வி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் பக்கத்தில் மனை தேடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி மிகவும் அவசியம். ஏன்?

ஊர்ப் பெயரே சொல்லும்

தாம்பரத்தில் இருந்து மின்சார ரெயிலில் கடற்கரைக்குப் போகிறவர்கள் தினமும் "குரோம்பேட்டை" என்ற பலகையைப் பார்க்கிறார்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது? சாமி பெயரா? ராஜா பெயரா?

இரண்டும் இல்லை. அது ஓர் உலோகத்தின் பெயர்! குரோமியம் என்ற உலோகத்தின் பெயர்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைத்துப் பதனிட்டார்கள். வாரக் கணக்கில் ஆகும். குரோமிய உப்பைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். தோலும் தண்ணீரைத் தாங்கி உழைக்கும். ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல் பைக்கு இது ஏற்றது என்று எடுத்துக் காட்டினார்.

பிறகு 1910-களில், ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் "குரோம் லெதர் கம்பெனி"யைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியை ஒட்டி வளர்ந்த பேட்டைதான் குரோம்பேட்டை!

தொழில் பெருகியது. நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஏராளமான குடும்பங்களில் அடுப்பு எரிந்தது. தோல் வெளிநாட்டுக்குப் போயிற்று. அந்நியச் செலாவணி வந்தது.

தோல் கப்பல் ஏறிப் போயிற்று. கழிவு நீர் இங்கேயே தங்கிற்று!

கிணற்றில் என்ன?

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனப் பொருள்கள் பயன்படுகின்றன. இந்தக் கணக்கு சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? சுத்தப்படுத்தும் பொது நிலையம் 1990-களில்தான் பல்லாவரம் பகுதிக்கு வந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கழிவு நீர் பள்ளத்தில் தேங்கியது. வாய்க்காலில் ஓடியது. மண்ணுக்குள் இறங்கியது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர், குரோம்பேட்டை வட்டாரத்தில் நிலத்தடி நீரை எடுத்துச் சோதித்தார்கள். 2012-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. பல இடங்களில் குடிநீருக்கு உரிய எல்லையைத் தாண்டிக் குரோமியம் இருந்தது.

அந்த எல்லை எவ்வளவு? இந்தியத் தர நிர்ணயப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். அதாவது, 20 லிட்டர் கேன் தண்ணீரில் ஒரே ஒரு மில்லிகிராம்! ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்கு கூட வராது. கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது.

இதனால் குரோம்பேட்டையில் உள்ள எல்லா மனையும் விஷம் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. ஒரு தெருவில் மண் நன்றாக இருக்கும். பக்கத்துத் தெருவில் கெட்டிருக்கும். எது நல்லது, எது கெட்டது என்று சோதித்தால்தான் தெரியும். சோதிக்காமல் பயப்படுவதும் தவறு. சோதிக்காமல் குடியேறுவதும் தவறு.

நல்ல தம்பி, கெட்ட அண்ணன்

குரோமியத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. மூன்றாம் நிலைக் குரோமியம் ஒன்று. ஆறாம் நிலைக் குரோமியம் மற்றொன்று.

தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலை. இது ஓரளவு சாதுவானது. பெரும்பாலும் மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். எளிதில் தண்ணீரோடு ஓடாது.

ஆறாம் நிலையோ முரடன். தண்ணீரில் கரைந்து வெகு தூரம் போகும். தோலில் பட்டால் புண் உண்டாக்கும். தூசியாக மூச்சில் ஏறினால், நாளடைவில் நுரையீரலில் புற்று நோய் உண்டாக்கும்.

தம்பி தம்பியாகவே இருந்தால் கவலை குறைவு. ஆனால் மாங்கனீசு கலந்த சில வகை மண்ணில், மூன்றாம் நிலை கொஞ்சம் கொஞ்சமாக ஆறாம் நிலையாக மாறக் கூடும். ஆகவே, "இங்கே இருப்பது சாதுவான குரோமியம்தானே!" என்று சும்மா இருக்க முடியாது. எந்த வகை, எவ்வளவு, எத்தனை அடி ஆழத்தில் என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆலையை மூடினால் போதுமா?

"அந்தத் தொழிற்சாலையைத்தான் மூடி விட்டார்களே! இன்னும் என்ன பயம்?" என்று சிலர் கேட்பார்கள்.

அவர்கள் ராணிப்பேட்டைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே குரோமிய உப்பு தயாரித்த "தமிழ்நாடு குரோமேட்ஸ்" என்ற தொழிற்சாலை 1995-ம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலை ஓய்ந்து விட்டது. அது விட்டுப் போன கழிவு மேடு ஓயவில்லை. 2 லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையிலும் அது கொஞ்சம் கரைந்து மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன.

ஆலைக்குப் பூட்டுப் போடலாம். மண்ணுக்குள் இறங்கிய விஷத்துக்குப் பூட்டு இல்லை.

ராணிப்பேட்டையில் மேடு கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் ஜனங்கள் விலகி நின்றார்கள். கழிவை மூடி மறைத்து, மேலே கட்டடம் எழுப்பி விட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது.

ஒரு டாலர் நிலம்

நியூயார்க் மாநிலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கும் ஊர். அங்கே "லவ் கால்வாய்" என்று, பாதி வெட்டி விட்டுப் போன ஒரு கால்வாய் கிடந்தது. "ஹூக்கர்" என்ற ரசாயனக் கம்பெனி 1942 முதல் சுமார் 10 ஆண்டுகள் அதில் கழிவுகளைக் கொட்டியது. எவ்வளவு? சுமார் 20 ஆயிரம் டன்!

பிறகு அதை மண் போட்டு மூடினார்கள். 1953-ம் ஆண்டில் அந்த நிலத்தை ஊர்க் கல்விக் குழுவுக்குக் கம்பெனி விற்றது. விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு டாலர்! "கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது. பின்னால் ஏதாவது நேர்ந்தால் கம்பெனி பொறுப்பு அல்ல" என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள்.

கல்விக் குழு என்ன செய்தது? அங்கே பள்ளிக்கூடம் கட்டியது! சுற்றிலும் வீடுகள் வந்தன. குழந்தைகள் அந்த மண்ணில் ஓடி விளையாடினார்கள்.

இருபது ஆண்டு கழிந்தது. மழையும் பனியும் அதிகமாகப் பெய்தன. புதைத்த பீப்பாய்கள் மேலே வந்தன. வீட்டின் நிலவறைகளில் ரசாயனம் கசிந்தது. தோட்டத்தில் மரம் செடிகள் கருகின. குழந்தைகளுக்கு நோய் வந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற தாய், வீடு வீடாகப் போய் மக்களைத் திரட்டிப் போராடினார்.

1978-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜனாதிபதி கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தார். பள்ளிக்கூடம் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. 1980-ம் ஆண்டில், நஞ்சு நிலங்களைச் சுத்தப்படுத்த அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது.

ஹூக்கர் கம்பெனியைப் பின்னால் வாங்கிய கம்பெனி, 1995-ம் ஆண்டில் சுத்தப்படுத்திய செலவுக்காக அரசாங்கத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 12 கோடியே 90 லட்சம் டாலர்!

ஒரு டாலருக்குக் கைமாறிய நிலம், கடைசியில் கேட்ட விலை அது. கட்டுவதற்கு முன் மண்ணைத் தோண்டிச் சோதித்திருந்தால், அதில் எவ்வளவு மிச்சமாகி இருக்கும்? குழந்தைகளின் உடம்புக்கு விலையே இல்லை!

எப்படிச் சோதிப்பது?

பழைய தொழிற்சாலை நிலத்தில் கட்டடம் எழுப்புவதற்கு முன் மண்ணைச் சோதிப்பது இன்று உலகெங்கும் உள்ள முறை. இதில் மூன்று படிகள் உண்டு. டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போலத்தான்.

முதல் படி, விசாரணை. டாக்டர் முதலில் ஊசி போடுவது இல்லை. "என்ன செய்கிறது? எத்தனை நாளாக?" என்று கேட்கிறார். அதுபோல, நிலத்தின் பழைய கதையைக் கேட்க வேண்டும். பழைய வரைபடங்களைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைக்குக் கொடுத்த லைசென்சுகளைத் தேட வேண்டும். அங்கே வேலை செய்த முதியவர்களிடம் விசாரிக்க வேண்டும். "தொட்டி எங்கே இருந்தது? கழிவை எந்த மூலையில் கொட்டினார்கள்?" என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். புல் முளைக்காத திட்டு, நிறம் மாறிய மண், கெட்ட வாடை, மூடிய குழி, எல்லாமே அடையாளம்.

இரண்டாம் படி, பரிசோதனை. சந்தேகம் வந்தால் மண்ணைத் துளையிட்டு எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பல இடங்களில், பல ஆழங்களில் எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் எடுக்க வேண்டும். பக்கத்தில் கெடாத நிலத்தின் மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அப்போதுதான் எது இயற்கையாக இருந்தது, எது மனிதன் கொட்டியது என்று தெரியும்.

மூன்றாம் படி, தீர்மானம். இங்கே மூன்று கேள்விகள். விஷம் எங்கே இருக்கிறது? அது எந்த வழியாக வருகிறது? யாரிடம் வருகிறது? கிணற்று நீர் ஒரு வழி. காற்றில் பறக்கும் தூசி ஒரு வழி. கொல்லையில் போட்ட கீரை ஒரு வழி. மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும் குழந்தை ஒரு வழி. இந்த வழியை அடைத்து விட்டால், ஆபத்து குறையும்.

மருந்தும் உண்டு. கெட்ட மண்ணை வெட்டி எடுத்து, ஆபத்தான கழிவுகளுக்கு என்று அமைத்த இடத்தில் புதைக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. இரும்புச் சல்பேட்டைக் கலந்தால், முரட்டுக் குரோமியம் சாதுக் குரோமியமாக மாறும். கெட்ட நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தப்படுத்தலாம். மேலே களிமண்ணும் காங்கிரீட்டும் போட்டு மூடலாம். குடியிருப்பு கட்டாமல், கிடங்கோ, வாகனங்கள் நிறுத்தும் இடமோ அமைக்கலாம்.

எந்த மருந்து என்பது பரிசோதனைக்குப் பிறகுதான். முதலில் அஸ்திவாரம், பிறகு பரிசோதனை என்றால், அது ஆபரேஷன் முடிந்த பிறகு ரத்தப் பரிசோதனை செய்வது போல!

மண் நடந்து போகும்

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சோதிக்காமல் தோண்டினால், கெட்ட மண் ஓர் இடத்தில் நிற்காது. லாரியில் ஏறிப் போகும்!

அடுக்கு மாடி கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். வெட்டிய மண்ணை என்ன செய்வார்கள்? பள்ளமான மனையை மேடாக்கத் தேடுகிறவர்களுக்கு விற்பார்கள். இந்தப் பக்கத்தில் வெள்ளத்துக்குப் பயந்து மனையை மேடாக்காதவர் யார்? "ஒரு லோடு மண் என்ன விலை?" என்று கேட்கிறோம். "எங்கே வெட்டிய மண்?" என்று கேட்கிறோமா?

ஆழ்குழாய்க் கிணறும் அப்படித்தான். மேலே உள்ள கெட்ட நீரைச் சரியாக அடைக்காமல் குழாய் இறக்கினால், அந்தக் குழாயின் ஓரமாகவே விஷம் கீழே உள்ள நல்ல நீருக்கு இறங்கும். நாமே வழி வெட்டிக் கொடுத்தது போல ஆகும்.

எவ்வளவு சுத்தம் போதும்?

சுத்தப்படுத்துவது என்று முடிவு செய்தாலும், ஒரு சண்டை பாக்கி இருக்கும். எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்?

கொடைக்கானலில் இந்தச் சண்டை நடந்தது. அங்கே இந்துஸ்தான் லீவர் கம்பெனிக்குக் காய்ச்சல் மானி செய்யும் தொழிற்சாலை இருந்தது. காய்ச்சல் மானியில் பாதரசம் உண்டு. 2001-ம் ஆண்டில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்ததைக் கண்டு பொது மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ம் ஆண்டில் 290 டன் பாதரசக் கழிவு, கப்பலில் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று.

கழிவு போயிற்று. மண் இருந்தது. ஒரு கிலோ மண்ணில் பாதரசம் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஓர் அளவு வைத்தார்கள். "போதாது! பக்கத்தில் காடு இருக்கிறது. ஓடை இருக்கிறது. மீன் இருக்கிறது. இன்னும் குறைக்க வேண்டும்" என்று போராடியவர்கள் வாதாடினார்கள். வாதம் பல ஆண்டுகள் நீண்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சுத்தம் என்பது நிலத்தின் உபயோகத்தைப் பொறுத்தது. கிடங்குக்குப் போதுமான சுத்தம், குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போதாது. ஆகவே, "சோதித்து விட்டோம்" என்று ஒருவர் சொன்னால், "எதற்காகச் சோதித்தீர்கள்? கிடங்குக்கா, வீட்டுக்கா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025-ம் ஆண்டு ஜூலை மாதம், மாசு அடைந்த நிலங்களுக்கு என்று மத்திய அரசாங்கம் தனி விதிகளை வெளியிட்டது. நீண்ட நாள் எதிர்பார்த்த காரியம் இது.

இந்த விதிகளின்படி, சந்தேகத்துக்கு உரிய நிலங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் 6 மாதத்துக்கு ஒரு முறை தயாரிக்க வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு நடத்த வேண்டும். அடுத்த 3 மாதத்தில் விரிவான ஆய்வு. விஷம் எல்லை மீறி இருந்தால், அந்த இடத்தை ஊரறிய அறிவிக்க வேண்டும். உள்ளே போகக் கட்டுப்பாடு விதிக்க வேண்டும். கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் செலவில் சுத்தப்படுத்த வேண்டும். அவரால் முடியாவிட்டால், மத்திய, மாநில அரசாங்கங்கள் செலவுக்கு வழி செய்ய வேண்டும்.

விதிகள் வந்தபோது நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த இடங்கள் 103. சுத்தப்படுத்தும் வேலை தொடங்கி இருந்தது 7 இடங்களில் மட்டும்!

விதிகள் நல்லவைதான். ஆனால் இரண்டு ஓட்டைகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று: பெரிய கட்டடங்களுக்குத்தான் முன்கூட்டியே சுற்றுச் சூழல் அனுமதி தேவை. 2006-ம் ஆண்டு அறிவிப்பின்படி, 20 ஆயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்கள் அதில் வரும். அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி. நம் பக்கத்தில் எழும் சாதாரண அடுக்கு மாடி வீடுகள் அந்த அளவை எட்டுவது இல்லை. தனி வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய ஆலை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றால், அந்தச் சோதனைக்கே வேலை இல்லாமல் போகும்.

இரண்டு: குப்பை மேடுகளுக்கு 2025-ம் ஆண்டு விதிகள் பொருந்தாது. அவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. தென்சென்னையில் பெருங்குடிக் குப்பை மேடு யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. 2020-களின் தொடக்கத்தில் இருந்து பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு. மீட்ட நிலத்தை என்ன செய்வது? பூங்கா அமைக்கலாம் என்று ஒரு யோசனை. சதுப்பு நிலமாகவே விட வேண்டும் என்று ஒரு வாதம். எதைச் செய்தாலும், பல ஆண்டு குப்பைச் சாறு இறங்கிய அடி மண்ணைச் சோதித்த பிறகு செய்வதே முறை.

யார் பணம் கட்டுவது?

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்பு வழங்கியது. "வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் போரம்" தொடுத்த வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பைச் சொன்னார். தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய இந்த வழக்கில், அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் அடக்கம். பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

தீர்ப்பில் இரண்டு கொள்கைகள் உறுதியாயின. ஒன்று, ஆபத்து வருமுன் காக்க வேண்டும். "ஆபத்து இருக்கிறது என்று முழுதாக நிரூபித்தால்தான் நடவடிக்கை" என்று சொல்லிக் காலம் கடத்தக் கூடாது. மற்றொன்று, கெடுத்தவரே கொடுக்க வேண்டும். நஷ்ட ஈடு மட்டும் அல்ல, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டு வரும் செலவும் அவர் பொறுப்பு.

நியாயம் இதுதான். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கெடுத்தவர் விற்று விட்டுப் போகிறார். இடையில் நாலு கை மாறுகிறது. கடைசியில், ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொட்டி ஒரு கிரவுண்டு வாங்கிய ஏழைக் குடும்பத்தின் தலையில் எல்லாம் விழுகிறது.

"மண்ணைச் சோதியுங்கள்" என்றால் இவர்களுக்குக் கூடப் பயம். "விஷம் என்று எழுதி விட்டால், என் வீட்டை யார் வாங்குவார்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் சோதனையை நிறுத்துவது அல்ல. குற்றம் செய்யாத வீட்டுக்காரர் மீது செலவு விழாமல் தடுப்பதுதான் பரிகாரம். அவருக்கு நல்ல குடிநீர் கொடுப்பதும், மண்ணைச் சுத்தப்படுத்துவதும் கெடுத்தவர் கடமை. அவர் இல்லாவிட்டால் அரசாங்கத்தின் கடமை.

2021-ம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்தன. இனி வீடுகள் இன்னும் பெருகும். பழைய தொழிற்சாலை நிலங்களின் பட்டியல் ஒன்றை மாநகராட்சி வார்டு வாரியாகத் தயாரித்து, எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். கட்டட அனுமதி கேட்டு வருகிறவரிடம், "உங்கள் நிலம் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மண் பரிசோதனை முடிவைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லலாம். கட்டடம் பெரிதா, சிறிதா என்று பார்க்கக் கூடாது. நிலத்தின் கதையைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியவை

அதுவரை நாம் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம்.

தாய்ப் பத்திரத்தைக் கவனமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பு ஒரு கம்பெனி பெயரோ, தொழிற்சாலை என்ற சொல்லோ வந்தால், அங்கே நின்று கேள்வி கேளுங்கள்.

அந்தத் தெருவில் நீண்ட நாள் குடியிருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள். "இங்கே முன்னே என்ன இருந்தது, தாத்தா?" என்று கேட்டால் போதும். தரகர் சொல்லாததை எல்லாம் அவர் சொல்வார்.

சந்தேகம் இருந்தால், தகவல் உரிமைச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். "இந்தச் சர்வே எண்ணில் எந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது, "குரோமியமும் பார்க்க வேண்டும்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சாதாரணச் சோதனையில் உப்பும் கடினத் தன்மையும் பார்ப்பார்கள். கேட்டால்தான் மற்றவற்றைப் பார்ப்பார்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். குரோமியம் சாகாது! தண்ணீர் வற்ற வற்ற, அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை வீட்டில் உள்ள பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவர்கள் தனியாகக் கேட்க வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து, "மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அஸ்திவாரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று என்ஜினீயர் செய்யும் மண் சோதனை வேறு. விஷம் இருக்கிறதா என்ற சோதனை வேறு. முதலாவதைக் காட்டி, இரண்டாவது என்று சொல்ல விடாதீர்கள்.

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டை நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் வாழப் போகிற மண்ணை மட்டும் விசாரிக்காமல் விடலாமா?

பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தைக் கோர்ட்டில் தீர்க்கலாம். மண்ணில் உள்ள வில்லங்கத்தை, வீடு கட்டுவதற்கு முன்னால்தான் எளிதில் தீர்க்க முடியும்!